கண்ணாடி உடையும் ஓசைக்கு எழுந்து நிற்கும் தலைமுறை

பழைய மல்யுத்த நட்சத்திரங்கள் மீண்டும் கூடும் இரவுகளும், அவற்றைப் பார்த்து நெகிழும், கோபப்படும் தமிழ் ரசிகர்களும்

தொழில்முறை மல்யுத்தத்தில் மறுசந்திப்பு நிகழ்ச்சி ஒரு தனி வகை. ஓய்வுபெற்றவர்கள், சினிமாவுக்குப் போனவர்கள், உடல் தளர்ந்தவர்கள் என்று ஒரு காலத்தின் நட்சத்திரங்களை எல்லாம் ஓர் இரவுக்கு ஒரே ரிங்கில் கூட்டி, அவர்களைப் பார்த்து வளர்ந்த ரசிகர்களின் முன் நிறுத்துவார்கள். அந்த இரவில் யார் வென்றார், யார் தோற்றார் என்பது பின்னுக்குப் போய்விடும். வந்தவர் யார், வராதவர் யார், வந்தவர் எப்படி இருக்கிறார் என்பதே பேச்சாக இருக்கும். அதனால் இத்தகைய நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள ரிங்கைப் பார்ப்பதைவிட ரசிகரைப் பார்ப்பது பயன் தரும்.

இந்த ரசிகர்களில் தமிழ்நாட்டின் ‘90ஸ் கிட்ஸ்’ தலைமுறைக்கு ஓர் இடம் உண்டு. தரமணியிலிருந்து தெற்கே நீளும் ராஜீவ் காந்தி சாலையின் மென்பொருள் அலுவலகங்களில் இன்று குழுத் தலைவராகவும் மேலாளராகவும் இருக்கும் வயது அது. பள்ளிக்கூடத்தில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய கைகள்தான் இப்போது அங்கே கணினி விசைகளைத் தட்டுகின்றன.

வகை பிறந்த கதை

பழையவர்களைக் கூட்டிக் காட்டும் வழக்கம் புதிதல்ல. அமெரிக்காவின் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் 1993 மே 23 அன்று அட்லாண்டாவில் ‘ஸ்லாம்போரி’ என்ற நிகழ்ச்சியைப் பழம்பெரும் வீரர்களின் மறுசந்திப்பாகவே நடத்தியது. அன்று கௌரவிக்கப்பட்டவர்களில் ஒருவர் லூ தெஸ். இந்தியர்களுக்கு அவரை வேறொரு விதத்தில் தெரியும். 1968 மே 29 அன்று பம்பாயில் இந்திய மல்யுத்த வீரர் தாராசிங்கிடம் தோற்றவர் அவர்தான்.

இந்த வகையின் மோசமான எடுத்துக்காட்டு 1999-ல் வந்தது. ‘ஹீரோஸ் ஆஃப் ரெஸ்லிங்’ என்ற பெயரில் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சியில், புகழ்பெற்ற ஜேக் ராபர்ட்ஸ் நிதானம் இல்லாத நிலையில் ரிங்குக்கு வந்தார். கொண்டாட வந்த ரசிகர்கள் ஒரு மனிதரின் வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பழைய பெயர்களைச் சுவரொட்டியில் அச்சிட்டால் போதும், கூட்டம் வரும் என்ற எண்ணத்துக்கு அந்த இரவு விழுந்த அடி இன்றுவரை பேசப்படுகிறது.

சிறந்த எடுத்துக்காட்டு 2005 ஜூன் 12 அன்று நியூயார்க்கின் ஹாமர்ஸ்டைன் பால்ரூமில் அமைந்தது. 2001-ல் திவாலாகி மூடிய ஈ.சி.டபிள்யூ. நிறுவனத்தின் வீரர்களை ‘ஒன் நைட் ஸ்டாண்ட்’ என்ற பெயரில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஓர் இரவு கூட்டியது. சின்ன அரங்குதான். ஆனால் வந்தவர்கள் அந்த நிறுவனத்தையே தங்கள் ஊர்க் கோயில்போல நேசித்தவர்கள். அவர்களின் குரல் அன்று நிகழ்ச்சியின் பாதியாக இருந்தது. மறுசந்திப்பு வெற்றி பெறப் பெரிய அரங்கம் தேவையில்லை, சரியான ரசிகர்கள் போதும் என்பதை அது காட்டியது.

அதன்பின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. இதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது. அதன் வாராந்தரத் தொலைக்காட்சித் தொடரான ‘ரா’வின் ஆயிரமாவது நிகழ்ச்சி 2012-ல், 2018-ல் 25-ஆம் ஆண்டு விழா, 2019-ல் ‘ரா ரீயூனியன்’, 2021-ல் ‘லெஜண்ட்ஸ் நைட்’, 2023-ல் 30-ஆம் ஆண்டு விழா என்று வரிசை நீள்கிறது.

தமிழ் வீட்டுக்குள் வந்த ரிங்

கேபிள் டி.வி.க்கு முன்பே தமிழர்களுக்கு இந்தக் காட்சிச் சண்டை பழக்கம். தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த மலேயாவிலும் சிங்கப்பூரிலும் கேளிக்கைப் பூங்காக்களில் மல்யுத்தம் பெரும் கூட்டத்தைச் சேர்த்தது. தாராசிங் தொழில் கற்றதும் அங்கேதான். அவரோடு பல முறை மோதிய ஹங்கேரிய வழி வீரர் எமில் சாயா, ‘கிங்காங்’ என்ற பெயரில் ஆசியா முழுவதும் அறியப்பட்டார். ‘தாராசிங் – கிங்காங்’ என்ற இரட்டைப் பெயர் பலசாலிகளைப் பற்றிய பேச்சில் ஒரு வழக்காகவே நிலைத்தது. 1966 பொங்கலுக்கு வந்த ஏ.வி.எம்.மின் ‘அன்பே வா’ படத்தில் எம்.ஜி.ஆர். ‘சிட்டிங் புல்’ என்ற மல்யுத்த வீரரைத் தலைக்கு மேல் தூக்கும் சண்டை, அந்த மோகத்தின் திரை வடிவம். பின்னாளில், 2015-ல், வட சென்னைக் குத்துச்சண்டையைப் பின்னணியாகக் கொண்ட ‘பூலோகம்’ படத்தில் ஜெயம் ரவிக்கு எதிராக நின்ற நேதன் ஜோன்ஸும் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரிங்கிலிருந்து வந்தவரே.

1993 ஒரு திருப்பம். அந்த ஆண்டு ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் ‘ரா’ தொடங்கியது. ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியது. இரண்டும் தமிழ் வீட்டுக்குள் ஒரே கேபிள் கம்பியில் வந்தன. ஸ்டார் குழுமத்தின் விளையாட்டு அலைவரிசைகள் வழியாகவும், 2002-க்குப் பிறகு டென் ஸ்போர்ட்ஸ் வழியாகவும் அண்டர்டேக்கர், பிரெட் ஹார்ட், ஷான் மைக்கேல்ஸ், ஸ்டோன் கோல்ட், ராக் ஆகியோர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்றிருந்த மல்யுத்த நிறுவனம் 2002 மே மாதம் பெயரை டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் இன்றும் பாதிப் பேருக்கு அது பழைய பெயர்தான்.

தொலைக்காட்சி ஒரு மணி நேரம், டிரம்ப் கார்டு நாள் முழுவதும். ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஆடிய ஆட்டங்கள், வென்ற ஆட்டங்கள் என்று ஒவ்வொரு கார்டிலும் எண்கள் அச்சிட்டிருக்கும். ஒருவன் ஒரு தலைப்பைச் சொல்லுவான். யாருடைய எண் பெரிதோ அவனுக்கு மற்றவனின் கார்டு. ரேங்கில் மட்டும் சின்ன எண் வெல்லும். எடை என்றால் யோகோசுனா கையில் இருப்பவனை யாரும் அசைக்க முடியாது. பெட்டிக்கடையில் வாங்கிய அந்தக் கட்டு பள்ளிப்பைக்குள் ஒளிந்திருக்கும். பிடிபட்டால் ஆசிரியரின் மேசை இழுப்பறைக்குப் போகும். ஆங்கில வர்ணனை புரியாத பிள்ளைகளும் வீரர்களின் உயரம் எடையை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்ற கதை ஊர் ஊராகப் பரவியது. அதை நம்பாதவன் வகுப்பில் சிறுபான்மை.

தமிழ் ரசிகரின் எதிர்வினைக்கு அடிப்படை இதுதான். அமெரிக்க ரசிகர் அரங்கத்துக்குப் போய் வீரரைப் பார்த்தவர். அவருக்கு மறுசந்திப்பு என்பது அந்த வீரரோடு நடப்பது. சென்னைச் சிறுவன் வீரரை நேரில் பார்த்ததில்லை. திரை, கார்டு, மொட்டை மாடியில் தலையணையைத் தூக்கிப் போட்டுப் பழகிய ‘சோக்ஸ்லாம்’ பிடி, கூட இருந்த அண்ணன், பக்கத்து வீட்டு நண்பன் ஆகியவைதான் அவன் அரங்கம். அவனுக்கு மறுசந்திப்பு நடப்பது தன் கூட்டாளிகளோடு. அதனால்தான் ஒரு பழைய வீரர் திரையில் தோன்றியதும் முதல் வேலையாகப் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழுகிறது. வருடக் கணக்கில் அமைதியாக இருந்த குழுவும் அன்று விழித்துக்கொள்கிறது.

முதல் ஓசை

மறுசந்திப்பு நிகழ்ச்சியில் மிகப் பெரிய கூச்சல் வீரர் வந்த பிறகு எழுவதில்லை. அவர் வருவதற்கு முன்பே எழுகிறது. கண்ணாடி உடையும் ஓசை கேட்டால் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். விளக்குகள் அணைந்து ஒற்றை மணி ஒலித்தால் அண்டர்டேக்கர். அரை நொடி ஓசைக்குள் இருபது ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. கதாநாயகனின் முகத்தைக் காட்டும் முன் பின்னணி இசையில் அரங்கை எழுப்பும் தமிழ் சினிமாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த இலக்கணத்தை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ‘மாஸ் என்ட்ரி’ என்று அவர்கள் எதைச் சொல்கிறார்களோ, அது இரண்டு உலகங்களிலும் ஒன்றே.

2024 ஏப்ரலில் ‘கில்லி’ மீண்டும் திரைக்கு வந்தபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் நடந்ததும் இதே வகை எதிர்வினைதான். இருபது ஆண்டுப் பழைய படத்தின் ஒவ்வொரு வசனத்தையும் பார்வையாளர்கள் திரைக்கு முன்பாகவே சொன்னார்கள். கதை தெரியாமல் யாரும் போகவில்லை. தெரிந்ததைக் கூட்டமாக ஒருமுறை சொல்லிப் பார்க்கவே போனார்கள்.

2019 ஜூலை 22 அன்று ஃபுளோரிடாவின் தாம்பா நகரில் நடந்த ‘ரா ரீயூனியன்’ இந்தக் கூட்டு மகிழ்ச்சியை நன்றாகப் புரிந்துகொண்ட நிகழ்ச்சி. ஜான் சீனா தொடக்கத்தில் வந்தார். சாம்பியன் பெல்ட்டுகளில் விளையாட்டுத்தனமானதான 24/7 பெல்ட் ஒரே இரவில் பழையவர்களிடையே கை மாறிக்கொண்டே இருந்தது. 78 வயது பேட் பாட்டர்சனும் சிறிது நேரம் சாம்பியனாக இருந்தார். அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது ரசிகர்கள் நினைவுகூர்ந்த காட்சிகளில் அதுவும் ஒன்று. நிகழ்ச்சி ஆஸ்டினின் பேச்சோடும், ரிங் முழுக்க நின்ற முன்னாள் நட்சத்திரங்கள் பீர் டப்பாக்களை உயர்த்தியதோடும் முடிந்தது. பெரிய ஆட்டம் எதுவும் அன்று இல்லை. குறை சொன்னவர்கள் குறைவு. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். அந்த ஆண்டில் ‘ரா’வுக்கு அது பெரிய எண்ணிக்கை. அடுத்த வாரமே எண்ணிக்கை சரிந்தது. பழைய முகங்கள் ஓர் இரவைத் தூக்கி நிறுத்தும், ஓர் ஆண்டைத் தாங்காது என்பதை அந்தச் சரிவு சொன்னது.

எழுதிவைத்த சண்டை

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டது. 1989-ல் நியூஜெர்சி மாநிலத்தில் அரசுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, இது பொழுதுபோக்கே என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. ‘நிஜமா, நடிப்பா’ என்ற சண்டை பள்ளி மைதானங்களில் பல ஆண்டுகள் நடந்தது. உண்மை தெரியவந்த நாளில் பலர் இதைப் பார்ப்பதை விட்டார்கள். ஏமாந்துவிட்டோம் என்ற கூச்சமும் அதில் இருந்தது.

மறுசந்திப்பு நிகழ்ச்சி அந்தக் கூச்சத்தைத் தீர்த்துவைக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்க்கிறவர்களுக்குப் பதினெட்டாம் நாள் துரியோதனன் விழப்போவது தெரியும். வேடம் கட்டியவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதும் தெரியும். ஆனாலும் படுகளத்தில் அழுகை பொய்யாக இருப்பதில்லை. மல்யுத்த ரசிகரின் நிலையும் அதுதான். முடிவு எழுதப்பட்டது, விழும்போது முதுகில் படும் அடி எழுதப்பட்டதல்ல. முப்பது ஆண்டுகள் வாரத்துக்குப் பல இரவுகள் அப்படி விழுந்த ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வரும்போது, நிஜமா நடிப்பா என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. கதை நடிப்பு, உழைப்பு நிஜம்.

அதனால் இந்த நிகழ்ச்சிகளில் மகிழ்ச்சியோடு துக்கமும் கலந்தே இருக்கும். வந்தவர்களை எண்ணும்போதே வராதவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1999 மே மாதம் கான்சஸ் நகர அரங்கின் உயரத்திலிருந்து ரிங்கில் விழுந்து இறந்த ஓவன் ஹார்ட், 2005 நவம்பரில் இறந்த எடி கெரேரோ, டிரம்ப் கார்டில் வெல்ல முடியாதவராக இருந்து 2000-ல் மறைந்த யோகோசுனா என்று அந்தப் பட்டியல் நீளமானது. 2023 ஜனவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த 30-ஆம் ஆண்டு விழாவில், அண்டர்டேக்கர் இளைய வீரர் பிரே வயட்டின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மூத்தவர் தன் இடத்தை இளையவருக்குக் கொடுக்கும் காட்சி என்று ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். அந்த ஆகஸ்டிலேயே பிரே வயட் 36 வயதில் இறந்துபோனார். வாழ்த்தாகப் பார்த்த காட்சியை ரசிகர்கள் இப்போது வேறு மனதோடு பார்க்கிறார்கள்.

கோபத்துக்குக் காரணங்கள்

மறுசந்திப்பு நிகழ்ச்சிகளுக்கு வரும் எதிர்வினை முழுவதும் கைதட்டல் அல்ல. ரசிகர் கோபப்படும் இடங்களைத் தொகுத்துப் பார்த்தால் நான்கு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு. 2018 ஜனவரி 22 அன்று நடந்த 25-ஆம் ஆண்டு விழா புரூக்ளினின் பார்க்ளேஸ் சென்டர், ‘ரா’ பிறந்த மன்ஹாட்டன் சென்டர் என்று இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் நடந்தது. பெரும்பாலான ஆட்டங்களும் திருப்பங்களும் புரூக்ளினில் நடந்தன. பழைய இடத்தில் உட்காரப் பெரும் தொகை கொடுத்தவர்கள் அதிக நேரம் வெறும் ரிங்கையும் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் அதிருப்திக் குரல் நேரடி ஒளிபரப்பிலேயே கேட்டது. இடத்தின் பெயரை விற்றுவிட்டு நிகழ்ச்சியை வேறிடத்தில் நடத்துவதை ரசிகர் மன்னிப்பதில்லை.

இரண்டாவது, இன்றைய வீரர்கள் சிறுமைப்படுவது. 2020 பிப்ரவரியில் ரியாத்தில், 53 வயது கோல்ட்பர்க் சில நிமிடங்களில் பிரே வயட்டை வீழ்த்தி சாம்பியன் பெல்ட்டை எடுத்துக்கொண்டார். மாதக் கணக்கில் அச்சமூட்டும் பாத்திரமாக வளர்த்த ஒருவரை ஒரு பழைய பெயருக்காகக் கரைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 2023 விழாவில் பெக்கி லிஞ்ச் – பெய்லி கூண்டுச் சண்டை அறிவித்தபடி நடக்காமல் போனபோதும் கோபம் எழுந்தது; அன்று வெட்டுப்பட்டது இன்றைய பெண் வீரர்களின் நேரம்.

மூன்றாவது, ரசிகரின் அற உணர்வு. நினைவேக்கம் எல்லாவற்றையும் மறக்கச் செய்யும் என்று எண்ணுவது தவறு. 2025 ஜனவரி 6 அன்று ‘ரா’ நெட்ஃபிளிக்ஸுக்கு மாறிய முதல் இரவில், லாஸ் ஏஞ்சலிஸ் அருகே உள்ள இன்டுயிட் டோம் அரங்கில் ஹல்க் ஹோகன் தோன்றியபோது கூட்டம் உரக்கக் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தது. 1980-களின் மிகப் பெரிய நட்சத்திரம் அவர். அவர் பேசிய இனவெறிப் பேச்சு 2015-ல் வெளியானதும், நிறுவனம் அவரை நீக்கிப் பின் சேர்த்துக்கொண்டதும் மறக்கப்படவில்லை. அதே இரவில் அண்டர்டேக்கருக்கும் சீனாவுக்கும் கிடைத்த வரவேற்பு, ரசிகர் பிரித்துப் பார்த்தே கைதட்டுகிறார் என்பதற்குச் சான்று. அந்த ஜூலையில் ஹோகன் இறந்தார். அந்தக் கூச்சல்தான் ரசிகர் கூட்டம் அவருக்குக் காட்டிய கடைசி முகங்களில் ஒன்று.

நான்காவது காரணம் உடல். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தளரும் உடல்

2018 நவம்பரில் ரியாத்தில் டிரிபிள் எச் – ஷான் மைக்கேல்ஸ் இணையும், அண்டர்டேக்கர் – கேன் இணையும் மோதியது பல ஆண்டுகளாக ரசிகர்கள் ஆசைப்பட்ட ஆட்டம். 2010-ல் ஓய்வுபெற்ற மைக்கேல்ஸ் அதற்காகத் திரும்பி வந்தார். ஆட்டத்தின் நடுவே டிரிபிள் எச்சின் மார்புத் தசை கிழிந்தது. மறு ஆண்டு ஜூனில் ஜெட்டாவில் கோல்ட்பர்க் – அண்டர்டேக்கர் மோதலில், தலையில் அடிபட்டுத் தடுமாறிய கோல்ட்பர்க் தூக்கிப் போடும்போது அண்டர்டேக்கரின் கழுத்துக்கே ஆபத்து நேர்ந்தது. 2022 ஜூலை 31 அன்று நாஷ்வில்லில் 73 வயது ரிக் ஃபிளேர் தன் ‘கடைசி ஆட்டம்’ என்று ரிங்கில் இறங்கினார். இடையே நினைவு தப்பியதாக அவரே பின்னர் சொன்னார். இவற்றைப் பார்த்தவர்கள் கைதட்டவில்லை, பதறினார்கள்.

வீரர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதற்குப் புகழாசை மட்டும் காரணம் அல்ல. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த வீரர்கள் பெரும்பாலும் ஊழியர்களாகக் கருதப்படுவதில்லை, தனி ஒப்பந்தக்காரர்கள். ஊழியருக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் காப்பீடும் அவர்களுக்கு இல்லை. முதுகும் முழங்காலும் தேய்ந்த பிறகு அவர்கள் கையில் மிஞ்சும் சொத்து பழைய பெயர்தான். கையெழுத்து நிகழ்ச்சிகளும் மறுசந்திப்பு மேடைகளும் பலருக்கு வருமானம். ரசிகர் வாங்கும் டிக்கெட்டில் இந்த உண்மையும் அடங்கியிருக்கிறது.

நம்பிக்கை தரும் கதையும் உண்டு. 1999-ல் தள்ளாடி வந்த அதே ஜேக் ராபர்ட்ஸை, 2012-ல் முன்னாள் வீரர் டயமண்ட் டாலஸ் பேஜ் தன் வீட்டில் தங்கவைத்துக் குடியிலிருந்து மீட்டார். அங்கே அதேபோல் தேறிய இன்னொரு பழைய வீரர் ஸ்காட் ஹால். 2014 ஜனவரி 6 அன்று ‘ஓல்ட் ஸ்கூல் ரா’ நிகழ்ச்சியில் ராபர்ட்ஸ் தன் பாம்போடு வந்தார். அன்று அவருக்குக் கிடைத்த வரவேற்பு வெறும் நினைவேக்கம் அல்ல. மீண்டுவந்த ஒரு மனிதருக்கு ரசிகர்கள் சொன்ன நல்வரவு. அந்த ஏப்ரலில் அவரும் ஹாலும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள்.

தரமணியின் காலை நேரம்

‘ரா’ தொடங்கும் நேரம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் திங்கள் இரவு எட்டு மணி என்றால் இங்கே செவ்வாய் காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அமெரிக்க வாடிக்கையாளர்களின் நேரத்துக்கு வேலை செய்யும் அலுவலகங்களில் இரவுப் பணி முடிகிற வேளையும் ‘ரா’ தொடங்குகிற வேளையும் ஏறக்குறைய ஒன்று. 2000-ல் திறந்த டைடல் பார்க்கும் அதன் பின் தரமணியைச் சுற்றி எழுந்த வளாகங்களும் ஒரு தலைமுறையின் கடிகாரத்தையே அமெரிக்காவோடு இணைத்துவிட்டன. 2021-ல் சோனி டென் 4 அலைவரிசை வந்தபோது தமிழ் வர்ணனையும் கிடைத்தது. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவிலும் நிகழ்ச்சிகள் நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டதால், அலுவலக வண்டியில் வீடு திரும்பும்போதே செல்பேசியில் பார்க்க முடிகிறது.

நேரில் பார்க்கும் வாய்ப்பு மிக அரிது. 2002-ல் பெங்களூரு, மும்பை, 2016-லும் 2017-லும் டெல்லி என்று நிறுவனம் அவ்வப்போது வந்து போனது. 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, ஹைதராபாத்தின் கச்சிபௌலி உள்ளரங்கில் ‘சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டகிள்’ நடந்தது. 17 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா வந்த ஜான் சீனா, சேத் ராலின்ஸோடு இணைந்து லுட்விக் கைசர், ஜொவான்னி வின்சி இணையை வென்றார். இந்திய மண்ணில் அவர் ஆடிய முதல் ஆட்டம் அது. சென்னைக்குத் தரமணி எப்படியோ, ஹைதராபாத்துக்குக் கச்சிபௌலி அப்படி. கேபிளில் வளர்ந்து கணினியில் பிழைக்கும் தலைமுறையின் வாசலுக்கே ரிங் வந்தது. டிக்கெட் தீர்ந்தது. இந்திய ரசிகர் அங்கே எழுப்பிய குரலில் பழைய நட்சத்திரத்தை மீண்டும் பார்க்கும் ஆனந்தத்தோடு, முதல் முறையாகப் பார்க்கும் ஆனந்தமும் சேர்ந்திருந்தது. இந்த இரட்டை உணர்வு அமெரிக்க அரங்குகளில் கிடைக்காது.

தரமணிக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இங்கேதான் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் என்று பிறர் தூக்கி எறிந்தவற்றையும் சேர்த்துவைத்ததால்தான் சென்ற நூற்றாண்டுத் தமிழரின் அன்றாட ரசனை இன்று ஆய்வுக்குக் கிடைக்கிறது. துண்டறிக்கைக்குக் கிடைத்த அந்த மதிப்பு டிரம்ப் கார்டுக்கும் கிடைக்க வேண்டும். ஒரு தலைமுறை எதை விரும்பியது, எந்தக் கடையில் வாங்கியது, எந்த எண்களை மனப்பாடம் செய்தது என்பதற்கு அந்தக் கசங்கிய அட்டைகளே ஆவணம். வீடு மாறும்போது குப்பைக்குப் போகும் கட்டுகளைக் காப்பது நினைவேக்கத்தைவிடப் பயனுள்ள வேலை.

விடைபெறும் இலக்கணம்

மறுசந்திப்பின் மறுபக்கம் விடைபெறுதல். ஜான் சீனா 2024 ஜூலையில் தன் ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 2025 முழுவதையும் விடைபெறும் ஆண்டாக வைத்துக்கொண்டார். ஏப்ரலில் லாஸ் வேகாஸில் 17-ஆவது முறை உலக சாம்பியன் ஆனார். ரிக் ஃபிளேரின் பெயரில் இருந்த 16 என்ற கணக்கு முறிந்தது. டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் 48 வயதில் கடைசி ஆட்டம். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. எதிராளி குந்தரின் பிடியில் சீனா கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ‘விட்டுக்கொடுக்காதே’ என்பதையே சட்டையில் அச்சிட்டு விற்றவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யாத காரியம் அது. அரங்கம் கொதித்தது. முடிவை எழுதியவர்கள்மீது கோபம், சீனாமீது பாசம் என்று இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் வெடித்தன. சீனா காலணியையும் மணிக்கட்டுப் பட்டைகளையும் ரிங்கிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மல்யுத்தத்தின் பழைய மரபுப்படி அதுவே முறையான முடிவு. போகிறவர் தோற்று, இருக்கிறவரை உயர்த்திவிட்டுப் போக வேண்டும். தனக்குக் கிடைத்த புகழின் கடனை அடுத்தவருக்கு அடைப்பது அது. கோபப்பட்ட ரசிகரும் சில நாள் கழித்து அந்த நியாயத்தைப் பேசத் தொடங்கினார்.

இத்தனை இரவுகளும் அவற்றுக்கு வந்த எதிர்வினைகளும் சேர்ந்து ஒரு நல்ல மறுசந்திப்புக்கான இலக்கணத்தைத் தந்திருக்கின்றன. பழையவர் வர வேண்டும். ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆஸ்டின் பீர் டப்பாவை உயர்த்தினாலே போதும் என்று 2019 காட்டியது. வந்தவர் இளையவரை உயர்த்த வேண்டும், மிதிக்கக் கூடாது. 2023 விழாவில் அதிகம் பேசப்பட்டது எந்தப் பழைய நட்சத்திரத்தின் வருகையும் அல்ல; ரோமன் ரெய்ன்ஸின் கூட்டம் சாமி ஸெய்னை விசாரணைக்கு நிறுத்திய புதிய கதைதான். நல்ல கதை இருந்தால் ரசிகர் இன்றையதையும் அதே ஆவலோடு பார்ப்பார் என்பதற்கு அது சாட்சி. பெண் வீரர்களுக்கும் உரிய இடம் வேண்டும். 2018 அக்டோபரில் பெண்களுக்காகவே நடந்த ‘எவல்யூஷன்’ நிகழ்ச்சியில் டிரிஷ் ஸ்ட்ராடஸும் லிட்டாவும் இளையவர்களோடு ஆடியது இதற்கு நல்ல முன்மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் இரவின் கைதட்டலுக்காக ஒரு மனித உடலைப் பணயம் வைக்கக் கூடாது.

ரசிகரின் பக்கமும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பழையவரைக் கொண்டாடுவதற்காக இன்றைய வீரரைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. 1990-களில் மொட்டை மாடியில் விளையாடிய பிள்ளைகளுக்கு அண்டர்டேக்கர் எப்படியோ, இன்று அவர்களின் பிள்ளைகளுக்கு வேறு யாரோ அப்படி. அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களின் வீரருக்கும் சேர்த்துக் கைதட்டத் தெரிந்தால், மறுசந்திப்பு கடந்த காலத்தோடு நின்றுவிடாது. இரண்டு தலைமுறைகள் ஒரே திரைமுன் சந்திக்கும் இடமாகவும் அது ஆகும்.